கூப்பிட்டால்தான் போவாள்

என் நாத்தனார் ஷீபாவைக் கல்யாண வீட்டில் தேட வேண்டியதில்லை. பந்திக்குப் பின்னால் சுவரோரமாக நிற்பாள். யாராவது "வாம்மா, உக்காரு" என்று சொல்ல வேண்டும். சொல்லவில்லையென்றால் காய்ந்த வயிற்றோடு வீட்டுக்கு வந்து "பசிக்கல அண்ணி" என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மாமனாரிடமிருந்து வந்த பழக்கம். வேலை கேட்டுப் பெரிய வீட்டுக்குப் போனால், துண்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வாசல் புங்கமரத்தடியில் நிற்பாராம். உள்ளேயிருந்து "இன்னாடா" என்று குரல் வந்தால் பேசுவார், வராவிட்டால் திரும்பிவிடுவார். அவர் போய்ச் சேர்ந்து வருஷமாகிறது. என் வீட்டுக்காரர் பீட்டருக்கு அது ஒட்டவில்லை, அழையாத வீட்டிலும் போய் உட்கார்ந்து காபி கேட்பார். மகளுக்குத்தான் அப்படியே ஒட்டிக்கொண்டது.

ஷீபா கம்ப்யூட்டர் படித்தவள். காலேஜுக்கு ஆள் எடுக்க வந்த ஒரு சென்னைக் கம்பெனி "நாங்களே கூப்பிடுறோம்" என்று சொல்லிவிட்டுப் போனது, கூப்பிடவில்லை. இவளும் கேட்கவில்லை. இப்போது உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் டைப் அடிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மானாம்பதிப் பக்கம் எங்கள் ஊர் சர்ச்சில், பாட்டு வரிகளைத் திரையில் போடுகிறாள்.

அந்தப் பாட்டு சாஃப்ட்வேர் இலவசம். அதுமட்டுமில்லை, உலகத்தில் யார் வேண்டுமானாலும் அதைப் பிரித்துப் பார்த்து, குறையைச் சரிசெய்து, சேர்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பலாமாம். நன்றாயிருந்தால் சேர்த்துக்கொண்டு பேரும் போடுவார்களாம். கூலி கிடையாது.

"அப்புறம் எதுக்குடி இப்பிடி மெனக்கெடறாங்க?" என்று கேட்டேன்.

"எல்லாம் ஒண்ணா சேந்து செய்றாங்க அண்ணி," என்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் அப்படியொரு ஏக்கம்.

அதைச் செய்கிறவர்கள் இன்டர்நெட்டில் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்வதையெல்லாம் தினமும் படிப்பாள். ஒருத்தன் செய்ததை இன்னொருத்தன் கிண்டலடிப்பான். ஒருத்திக்குக் குழந்தை பிறந்தால் எல்லோரும் வாழ்த்துவார்கள். நான் கறி அரிந்துகொண்டிருக்கும்போது வந்து, சொந்தக்காரர் வீட்டுச் சேதியைப் போல எனக்குச் சொல்வாள். இப்படி ஒருத்தி இருப்பதே அவர்களுக்குத் தெரியாது.

எங்கள் சர்ச்சில் பாட்டு நடத்துவது பீட்டர். அவருக்கு ஆவி வந்தால் எந்தச் சரணத்திலிருந்தும் பல்லவிக்குத் தாவுவார், அதையே இரண்டு மூன்று தடவை பாடவைப்பார், பிறகு எங்கே விட்டாரோ அங்கே போவார். சாஃப்ட்வேர் பாவம், போட்டு வைத்த வரிசையில்தான் போகும். சபை பல்லவி பாடும், திரையில் நாலாம் சரணம் நிற்கும். ஷீபா மேலும் கீழும் உருட்டி வியர்த்துப்போவாள். பாஸ்டர் முறைப்பார்.

ஈஸ்டருக்கு முந்தின லெந்து காலத்தில், சாஃப்ட்வேரைப் பிரித்துப் பார்த்து ஒரு வழி கண்டுபிடித்தாள். ஒரு பொத்தானை அழுத்தினால் பல்லவி வரும். திரும்ப அழுத்தினால் விட்ட சரணத்துக்கே போகும். பீட்டர் எங்கே ஓடினாலும் திரை பின்னாலேயே ஓடியது. பாஸ்டர் முறைப்பதை நிறுத்தினார்.

அதை அனுப்பலாமா என்று அனுமதி கேட்டு எழுதினாள். ஹென்ரிக் என்று ஒருவர், அங்கே பெரியவர், உடனே பதில் போட்டார்: நல்ல யோசனை, அனுப்பு, வேலை முடியும்வரை 'டிராஃப்ட்' என்று குறித்து வை. அனுப்பினாள். மீதி வேலையையும் முடித்துவிட்டுக் காத்திருந்தாள்.

ஈஸ்டர் போனது. அறுப்பு முடிந்தது. காலையில் கடைக்குக் கிளம்பும் முன்னால் போனைத் திறந்து பார்ப்பாள். ஒன்றும் வந்திருக்காது.

"இன்னாச்சுன்னு ஒரு வார்த்த கேளேண்டி."

"பெரியவங்கள நச்சரிக்கலாமா அண்ணி? அவருக்கு ஆயிரம் வேல கீது. பாத்துட்டு அவரே கூப்புடுவாரு."

"நீ நின்னுகினே இரு, புங்கமரத்தடியில!" என்றேன். அவள் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.

கிறிஸ்துமஸ் கீத ஆராதனைக்குப் பாட்டு ஏற்றும்போதுதான் பார்த்தாள். சாஃப்ட்வேரின் புதுப் பதிப்பு வந்திருந்தது. அதில் பல்லவிக்குப் போகும் பொத்தான் இருந்தது, ஆனால் அவள் செய்தது இல்லை. எந்த நாட்டிலோ ஒரு காலேஜ் பையன் வந்து, அனுப்பி, 'பார்த்தீர்களா, பார்த்தீர்களா' என்று கேட்டுச் சேர்க்கவைத்துவிட்டான். இவளுடையதில், ரொம்ப நாளாக அசைவில்லாததால் மூடப்பட்டது என்று மெஷின் ஒரு வரி எழுதியிருந்தது.

ஷீபா சத்தமாக அழுகிறவள் இல்லை. அன்று அழுதாள். "அவங்களோட ஒரு வாட்டி சேந்துடணும்னு ஆசப்பட்டேன் அண்ணி," என்றாள்.

எனக்கு வந்த கோபத்தில், "இப்பவே அந்த ஆளுக்கு எழுது. எழுதாம எந்திரிச்சே, பாத்துக்கோ!" என்று கத்தினேன். எழுதினாள். ஹென்ரிக்கின் பதில் அன்றைக்கே வந்தது. அவளே தமிழில் படித்துச் சொன்னாள்.

'ஷீபா, எங்கே போனாய்? முடிந்ததும் டிராஃப்டை எடுத்துவிட்டு, தயார் என்று நீதான் சொல்ல வேண்டும். நீ சொல்வாய் என்று காத்திருந்தேன். சும்மா உதவ வந்தவளை அவசரப்படுத்தக் கூடாது என்று கேட்காமல் இருந்தேன். இப்போதைய பொத்தானுக்கு விட்ட இடம் நினைவில்லை. உன்னுடையதற்கு இருக்கிறது. அதைச் சேர்த்துத் தருகிறாயா? வெள்ளிக்கிழமை எல்லோரும் வீடியோவில் பேசுவோம், யாரும் வரலாம்.'

அடப்பாவி, அந்த ஆளும் அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்திருக்கிறார்!

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சீக்கிரமே கடையிலிருந்து வந்து, முகம் கழுவி, ஞாயிற்றுக்கிழமைப் புடவையைக் கட்டிக்கொண்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்தாள். உள்ளே போகிற பொத்தான் திரையில் இருந்தது. நேரமாகியும் அவள் கை அதன்மேல் போகவில்லை.

"ஆரம்பிச்சிருப்பாங்களே. போடி."

"யாரும் வரலாம்னுதான் போட்டுக்கீது அண்ணி. நீ வான்னு போடலையே."

வாயில் வந்த வசவு அப்படியே நின்றுவிட்டது. அவள் கண்ணைப் பார்த்தால் திட்ட முடியவில்லை. காலேஜ் முடிந்த நாளிலிருந்து காத்துக் கிடக்கிற கண். நான் எழுந்து லேப்டாப்புக்குப் பின்னால் போய், அவளைப் பார்த்து நின்றேன். பெரிய வீட்டுக்காரி குரல் எனக்கு வராது. எனக்குத் தெரிந்த குரலில் கூப்பிட்டேன்.

"ஷீபா, உள்ள வாம்மா. உனுக்கோசரம்தான் எல்லாரும் காத்துகினு கீறாங்க."

சிரித்தாள், கண்ணைத் துடைத்தாள், அழுத்தினாள்.

திரையில் ஏழெட்டு முகங்கள் வந்தன. நரைத்த தாடிக்காரர் ஒருவர் அவள் பேரைத் தப்பும் தவறுமாகச் சொல்லிக் கையாட்டினார். என் நாத்தனார் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து நின்றுவிட்டாள். அவர்களுக்கு இப்போது அவள் புடவைக் கொசுவம் மட்டும்தான் தெரியும்.

"உக்காருடி," என்றேன்.