சௌந்தரராஜன் போட்ட சீல்

ஏ.எஸ்.ராவ் நகரில் சௌந்தரராஜனின் நேர்மை ரொம்பப் பிரசித்தம். அதை ஊரெல்லாம் பரப்பியதும் பெரும்பாலும் அவரேதான். அரசு ஆலையொன்றில் தரப் பரிசோதகர். ஆபீஸ் பேனா தவறி வீட்டுக்கு வந்துவிட்டால்கூட மறுநாள் கொண்டுபோய் வைத்துவிடுவார். அதனால்தான், ஊருக்கு வெளியே மாதாமாதம் நடக்கும் கார்ட் பந்தயத்தில் எஞ்சின் சோதிக்கும் பொறுப்பை அவரிடம் கொடுத்திருந்தார்கள்.

கார்ட் என்பது தரையை ஒட்டி ஓடும் குட்டிப் பந்தய வண்டி. எல்லோருக்கும் ஒரே மாதிரி எஞ்சின். காற்று போகும் துளையைக் கொஞ்சம் அராவிப் பெரிதாக்கினால் போதும், வண்டி பிய்த்துக்கொண்டு போகும். அது நடக்காமலிருக்க, பந்தயத்துக்கு முன் உள்ளே பார்த்து, கம்பி கோத்து ஈய சீல் அடிக்க வேண்டும். முடிந்ததும் ஜெயித்த வண்டிகளைத் திறந்து பார்க்க வேண்டும்.

சபீனாவின் வண்டியை அவர் குடையாத மாதமே கிடையாது. ஆம்பூரிலிருந்து ஐ.டி. வேலைக்கு வந்து பக்கத்து மௌலா அலியில் குடியிருக்கும் முகமது யூசுப்பின் பெண். கைமாறி வந்த பழைய வண்டிக்கு இவ்வளவு வேகம் ஏது என்று அவருக்கு ஓயாத சந்தேகம். அவள் தோற்றாலும் திறப்பார். ஒன்றும் அகப்பட்டதில்லை. தன் மகள் மஹதியின் வண்டியை மட்டும் திறக்கவே மாட்டார். நம் வீட்டு வண்டியில் என்ன இருந்துவிடப் போகிறது? நேரே சீல் அடித்துவிடுவார்.

ஒரு மாதம் மஹதி முதலாவது, சபீனா இரண்டாவது. சபீனாவின் எஞ்சினை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்த்தவர், மஹதியின் சீலை விரலால் தொட்டுவிட்டு, "ஓகே" என்றார்.

"சார், அதையும் திறந்து பாத்துடலாமே," என்றார் யூசுப், தணிந்த குரலில்.

சௌந்தரராஜனுக்குச் சுர்ரென்று வந்தது. "அவ என் பொண்ணு, யூசுப்! நான் போட்ட சீல் இது. எல்லாரும் வந்து நல்லாப் பாத்துக்கோங்க!" ஆளைக் கூட்டி வைத்துக்கொண்டு கம்பியை வெட்டினார்.

துளை சரியான அளவில் இருந்தால் உள்ளே போகவே கூடாத கேஜ் என்ற அளவுக் கம்பி, வழுக்கிக்கொண்டு துளைக்குள் போனது. அரம் பட்ட இடம் பளபளத்தது. அவர் சீல் துளிக்கூடக் கலையவில்லை; அதன் காவலில் திருட்டு பத்திரமாக இருந்திருக்கிறது.

யாராவது திட்டித் தொலைத்திருந்தால்கூடத் தேவலை போலிருந்தது அவருக்கு.

"ஏம்மா?" என்றார். தெலுங்கு ஊரில் வளர்ந்து, தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்கிற பெண், அன்று தமிழிலேயே சொன்னாள்: "நீங்க என்னுதைத் திறக்க மாட்டீங்கன்னு தெரியும்ப்பா."

கோப்பை சபீனாவுக்குப் போனது. மஹதிக்கு ஆறு மாதத் தடை. நான் விலகிக்கொள்கிறேன் என்றவரை, "நீங்களே இருங்க சார்" என்று யூசுப்தான் தடுத்தார். அது அவருக்கு இன்னும் கூச்சமாக இருந்தது. அப்போதுகூட மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. அடுத்த மாதம், வழியெல்லாம் அந்த வார்த்தைகளை ஒத்திகை பார்த்துக்கொண்டே போனார்.

சோதனை மேசையருகே சபீனா முதல் ஆளாக நின்றிருந்தாள். எஞ்சினைத் தானே பிரித்து, போல்ட்டுகளைத் துணியில் பரப்பி வைத்திருந்தாள்.

"கழட்டி வெச்சுட்டேன் அங்கிள். எப்படியும் என்னுதைத்தானே முதல்ல பாப்பீங்க."

குத்திக்காட்டவில்லை, சிரித்த முகமாகத்தான் சொன்னாள். அவளுக்கு அது பழகிப்போயிருந்தது. ஒத்திகை பார்த்ததில் ஒரு சொல்கூட சௌந்தரராஜனுக்கு வரவில்லை. அவமானத்தில் தலை நிமிராமல் கேஜை எடுத்தார். அது துளையில் சேராமல் ஓரத்திலேயே இடித்துக்கொண்டிருந்தது.

சரியாகத் தெரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, சபீனா தன் போன் வெளிச்சத்தைத் துளைக்குள் அடித்துக் காட்டினாள்.