சட்டி ஜீப்பு சுருளிவேல்

போடியிலிருந்து மலை மெட்டு ஏறுகிற ஜீப்புகளில் ஹாரன் தேவைப்படாத ஒரே ஜீப்பு சுருளிவேலுடையது. அவர் வாயே போதும். அடிவாரத்தில் முந்தல் ஊரைத் தாண்டும்போது அவர் பேச ஆரம்பித்தால், மேலே போடிமெட்டு டீக்கடைக்காரர் பாலை அடுப்பில் ஏற்றிவிடுவார். அந்த ஜீப்பின் வயசு யாருக்கும் தெரியாது. மலை முதலில் வந்ததா, இந்த ஜீப்பு முதலில் வந்ததா என்று எங்கள் லாரி ஸ்டாண்டில் அடிதடியே நடந்திருக்கிறது.

விடியுமுன்னே சிலமலைக் கிராமத்துக்குப் போய், ஏலக்காய் எடுக்கும் பெண்களை ஏற்றிக்கொண்டு, மெட்டைத் தாண்டிக் கேரளத்து ஏலத்தோட்டத்தில் இறக்குவார். சாயங்காலம் திரும்பக் கொண்டுவருவார். இதுதான் அவர் பிழைப்பு. உள்ளே பெண்கள் உட்கார்ந்திருக்கும் நெருக்கத்தில் ஒருத்திக்கு விக்கல் வந்தால் மொத்தப் பேருக்கும் குலுங்கும். வழி நெடுக அவர் அவர்களைக் கிண்டல் பண்ணுவார், அவர்கள் அவரைத் திட்டுவார்கள். ஒருநாள் யாரும் திட்டவில்லை என்றால் வண்டியை ஓரம்கட்டி, "என்னாத்தா, ஒடம்புக்குச் சொகமில்லையா?" என்று கேட்பார்.

அப்படிப்பட்டவருக்குத்தான் ஒரு திங்கட்கிழமை தலையில் இடி விழுந்தது. இடி என்றால் தோட்டத்துச் சூப்ரவைசர் ஈஸ்வரன்.

"சுருளி, காய் கொறைஞ்சு போச்சு. இனிமே தோட்டத்துக்கு ஒரு ஜீப்பு போதும்ங்கிறாரு மொதலாளி. ஒன்னோடதா, மகாராஜனோடதாண்டு வெள்ளிக்கிழமை சொல்றேன்."

மகாராஜன் வேறு யாருமில்லை. சுருளிவேலின் மனைவி அன்னக்கொடிக்கு உடன்பிறந்த தம்பி. அவன் ஜீப்பு புதுசு. மெத்தை சீட்டு, பாட்டு, மேலே சாமான் வைக்கக் கம்பித்தட்டு எல்லாம் உண்டு.

"என் வண்டியில என்னங்க கொறை?" என்றார் சுருளிவேல்.

"வண்டியில ஒன்னுமில்ல. மத்தியானம் ஒன் வண்டிப் பொம்பளைங்க சோத்துச் சட்டியத் தேடியே அரைமணி நேரத்த முழுங்கிர்றாக."

அது உண்மைதான். ஜீப்புக்குள் கால் வைக்கவே இடமில்லாததால் எல்லாத் தூக்குச்சட்டியையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டி மேலே ஏற்றிவிடுவார் சுருளிவேல். மத்தியானம் கொட்டகையில் சாக்கைக் கவிழ்த்தால் அத்தனையும் ஒரே மாதிரி சில்வர். ஒடுக்கு எங்கே இருக்கிறது, கைப்பிடி எந்தப் பக்கம் கோணல் என்று பார்த்துப் பார்த்து எடுப்பார்கள். சந்தேகம் வந்தால் மூடியைத் திறந்து மோந்து பார்ப்பார்கள். மோந்து பார்த்தவள் சும்மா இருக்கமாட்டாள். "இதென்னடி, ரசமா, கை கழுவுன தண்ணியா?" என்பாள். அப்புறம் அரைமணி நேரம் போகாமல் என்ன செய்யும்?

அன்று சாயங்காலம் சுருளிவேல் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார். வாசலில் தோள்பையோடு சிவரஞ்சனி நின்றாள். அன்னக்கொடியின் தங்கச்சி மகள். தேனியில் டவுன் வீட்டில் வளர்ந்த பிள்ளை. காலேஜில் சரக்குப் போக்குவரத்துப் படிப்பு.

"பெரியப்பா, எனக்கு ஒரு மாசம் இன்டர்ன்ஷிப் பண்ணணும். சப்ளை செயின் கம்பெனியில. ஏலக்கா கம்பெனி ஒன்னு விடாமக் கேட்டுட்டேன். எல்லாத்துலயும் ஆளு போட்டாச்சாம்."

"சப்ளை செயினுண்டா?"

"ஒரு சாமான், கெளம்புற எடத்துல இருந்து போய்ச் சேர்ற எடம் வரைக்கும், சரியான ஆளுக்குச் சரியான நேரத்துல போகணும். அதப் பாத்துக்கிறதுதான்."

"இன்டர்ன்ஷிப்புண்டா?"

"சம்பளம் இல்லாம வேலை பாக்குறது."

"அதுக்குப் பேரு கல்யாணம்ல? ஒம் பெரியம்மாகிட்ட நான் இருவது வருசமா அதானே பாத்துக்கிட்டு இருக்கேன்!"

அடுப்படியிலிருந்து ஒரு கரண்டி பறந்து வந்தது. சுருளிவேல் பழக்க தோஷத்தில் குனிந்துகொண்டார். குனிந்தவருக்கு யோசனை தோன்றிவிட்டது. மறுநாள் காலையில் ஜீப்பின் பின்பக்கம் 'சுருளிவேல் சப்ளை செயின் கம்பெனி' என்று பெயின்ட்டில் எழுதியிருந்தது. எழுத்து பெரிசாகப் போய் 'கம்பெனி' மட்டும் ஸ்டெப்னி டயருக்கு மேல் ஏறியிருந்தது.

"ஆத்தா, நீதான் மேனேஜரு. நான் மொதலாளி. எனக்கு வேண்டியது ஒன்னே ஒன்னு. வெள்ளிக்கிழமைக்குள்ள சட்டி தேடுற சோலி இருக்கக்கூடாது. இல்லாட்டி இந்த ஜீப்பக் கோழி அடையத்தான் விடணும்."

சிவரஞ்சனி மூன்று நாள் சாக்கையே முறைத்துப் பார்த்தாள். வியாழக்கிழமை மத்தியானம் ஒரு சட்டியைத் திருப்பிப் பார்த்தவள் துள்ளிக் குதித்தாள். சட்டியின் கழுத்தில் அழகாகப் பேர் வெட்டியிருந்தது. இன்னொன்றைப் பார்த்தாள். அதிலும் பேர். எல்லாச் சட்டியிலும் பேர்! அய்யம்மாள், சோலையம்மாள் என்று எல்லாம் தெரிந்த பேராகவே இருந்தது.

நாளைக்குச் சாக்கைக் கவிழ்க்கவே வேண்டாம், பெண்கள் கொட்டகைக்கு ஏறி வரவும் வேண்டாம், அவரவர் காய் எடுக்கிற இடத்துக்கே சட்டி போய்ச் சேரும் என்று முடிவு கட்டினாள். வீட்டில் பிளாஸ்டிக் டப்பாவில் சாப்பிட்டு வளர்ந்த பிள்ளை. நம்ம ஊர்ப் பாத்திரத்தில் வெட்டியிருக்கிற பேர் யாருடையது என்று அதற்கு யார் சொல்வது? பாத்திரத்துக்குச் சொந்தக்காரி பேரையா வெட்டுவார்கள்? கல்யாணத்துக்கும் சடங்குக்கும் எடுத்துக் கொடுத்தவர்கள் பேரையல்லவா வெட்டுவார்கள்! எடுத்துக் கொடுத்ததைச் செத்தாலும் மறக்கக்கூடாது என்பதற்குத்தானே அந்த வெட்டு. ஜீப்பில் இருந்ததெல்லாம் சொந்தக்காரிகள். ஒருத்திக்கு ஒருத்தி எடுத்துக் கொடுத்தவர்கள். அதனால் பேரெல்லாம் பொருந்துகிற மாதிரியே இருந்தது. யாருக்கு எத்தனை என்று அவள் எண்ணிப் பார்க்கவில்லை.

சுருளிவேலுக்கு இது தெரியாதா என்றால், தெரியும். ஆனால் மொதலாளியானபின் அவர் வேலையில் தலையிடுவதில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜீப்புக்கு அடியில் மல்லாந்து விட்ட குறட்டையில் நட்டு இரண்டு கழன்றுவிட்டது.

நானும் அன்றைக்கு உர லோடு இறக்க அந்தத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். பன்னிரண்டரைக்கெல்லாம் சட்டிகள் போய்ச் சேர்ந்துவிட்டன. சிவரஞ்சனி சரிவில் ஆட்டுக்குட்டி மாதிரி ஏறி இறங்கினாள். சூப்ரவைசர் ஈஸ்வரன் கடிகாரத்தைப் பார்த்து வாயைப் பிளந்தார். அரைமணி மிச்சம். சுருளிவேல் ஜெயித்த மாதிரிதான்.

அப்புறம்தான் மூடிகள் திறந்தன.

சோலையம்மாளுக்கு மட்டும் நாலு சட்டி வந்திருந்தது. ஊரில் எந்த விசேஷம் என்றாலும் முதல் ஆளாகச் சில்வர் எடுத்துக் கொடுக்கிறவள் அவள். நாலையும் திறந்து வைத்துக்கொண்டு விருந்துக்கு வந்த சம்பந்தி மாதிரி சம்மணம் போட்டுவிட்டாள். முனீஸ்வரி இன்றுவரைக்கும் யாருக்கும் ஒரு டீக்கரண்டிகூட எடுத்துக் கொடுத்ததில்லை. அவளுக்கு ஒரு சட்டியும் வரவில்லை.

"எஞ் சோறு எங்கடி?" என்று அவள் போட்ட சத்தத்தில் காட்டெருமை ஒன்று பக்கத்துத் தோட்டத்துக்கு ஓடிவிட்டது.

கீழ்ச்சரிவில் அய்யம்மாளுக்கு வந்த சட்டியைப் பார்த்து அவள் காயை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள்.

"ஏ கருத்தம்மா! சீர் செய்ய எம் பேரு வெட்டி வாங்கி வச்சிருந்து, பத்து வருசத்துக்கு முன்னாடி ஒனக்குக் கொழம்பு குடுத்துவிட்ட சட்டி இது! கேட்டப்ப, 'எங்கிட்ட இல்ல, காக்கா தூக்கிட்டுப் போயிருச்சு'ண்டியேடி!"

காக்கா தூக்கின அன்றிலிருந்து இருவரும் பேசுவதில்லை. தினமும் சாக்கைக் கவிழ்த்ததும் கருத்தம்மா முதல் ஆளாக அந்தச் சட்டியை எடுத்து மறைத்துக்கொள்வாள். ஒரே ஜீப்பில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தும் பத்து வருசமாகப் பேசாதவர்கள். அன்றைக்குப் பேசினார்கள். பத்து வருசத்துப் பேச்சையும் ஒரே மூச்சில் பேசினார்கள்.

"ஆமா, ஒஞ் சட்டிதான்!" என்றாள் கருத்தம்மா. "அடியில ஓட்டையோட குடுத்துவிட்டவ நீதானே? அந்த ஓட்டைய அடைச்சது நான். எடுத்துக்க ஒஞ் சட்டிய. என் அடைப்பத் திருப்பிக் குடு!"

"அடைப்ப எப்படிடீ தனியாக் குடுக்குறது?"

"அப்பச் சட்டிய எப்படித் தனியாக் கேக்குற?"

இதற்கு ஐகோர்ட்டில்கூடத் தீர்ப்பு கிடைக்காது. ஆனால் பேசிக்கொண்டே அய்யம்மாள் உள்ளே இருந்த புளிச்சோற்றில் ஒரு வாய் போட்டுப் பார்த்ததை நான் பார்த்தேன். அப்புறம் இன்னொரு வாய். திட்டுக்கு ஒரு வாய் வீதம் சட்டி காலியாகிவிட்டது.

இவ்வளவோடு முடிந்திருந்தால் சமாளித்திருக்கலாம். சுருளிவேலின் சட்டியில் வெட்டியிருந்த பேர் மகாராஜன். அவர் மகள் காதுகுத்துக்குத் தாய்மாமன் சீராக அவன் வைத்த சட்டி. சிவரஞ்சனி அதையும் பேர் பார்த்துக் கொண்டுபோய், அதே தோட்டத்தில் தன் ஜீப்போடு நின்ற மகாராஜன் கையில் கொடுத்துவிட்டாள். "மாமா, இது ஒங்களுக்குத்தான்." தாய்மாமன் சீரைத் திருப்பி அனுப்புவதென்றால் சும்மாவா? அத்தோடு உறவு முறிந்தது என்று அர்த்தம்.

மகாராஜன் வந்த வேகத்தில் வழியிலிருந்த ஏலச்செடியெல்லாம் இரண்டு பக்கமும் படுத்துக்கொண்டது. ஜீப்புக்கு அடியில் கையை விட்டு மாமன் காலைப் பிடித்து வெளியே இழுத்தான்.

"ஏன் மாமா! ஒரு ஜீப்பு லைனுக்காக எஞ் சீரையே திருப்பி அனுப்பிட்டீகளா? அப்ப எங்கக்காளையும் அனுப்பிவிடுங்க!"

தூக்கக் கலக்கத்தில் சுருளிவேலுக்கு ஒன்றும் புரியவில்லை. "எந்த அக்காடா மாப்ளே? மணி என்னா?"

"சட்டி மாமா, சட்டி! இந்தா பாருங்க!"

சுருளிவேல் சட்டியை வாங்கிப் பார்த்தார். கவிழ்த்துப் பார்த்தார். ஒரு பருக்கை விழவில்லை.

"டேய், இதுல இருந்த சோறு எங்கடா?"

"சாப்ட்டேன்."

"உறவு முறிஞ்சு போச்சுண்டு தெரிஞ்சுமா சாப்ட்ட?"

"பசி வேற, கோவம் வேற மாமா. எங்கக்கா கத்திரிக்கா மேல எனக்கு என்ன கோவம்?"

அதற்குள் மொத்தப் பெண்களும் ஜீப்பைச் சுற்றி வந்துவிட்டார்கள். சோலையம்மாள் ஏப்பத்தோடு வந்தாள், முனீஸ்வரி பசியோடு வந்தாள். ஒரே நேரத்தில் அத்தனை பேரும் பேசியதில் மெட்டுச் செக்போஸ்ட்டில் போலீஸ்காரர் கேட்டை இறக்கிவிட்டாராம். சிவரஞ்சனி ஜீப்பின் பின்னால் ஒளிந்துகொண்டு அழுதாள்.

"பெரியப்பா, சரியான ஆளுக்குச் சரியான நேரத்துல போகணும்ண்டாங்க. பேரப் பாத்துத்தான் குடுத்தேன்."

"அழாத ஆத்தா. நேரமாவது சரியாப் போச்சுல்ல?" என்றார் சுருளிவேல். ஆனால் கடிகாரத்தைப் பார்த்தார். மணி மூன்று. காய் எடுக்க ஆளில்லை. அரைமணியை மிச்சம் பிடிக்கப் போய் இரண்டரை மணி நேரம் போயிருந்தது. லைன் போச்சு, ஜீப்பு கோழிக்கூடுதான் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"சூப்ரவைசரு எங்கடா?" என்று மெதுவாகக் கேட்டார்.

அதுதான் யாருக்கும் தெரியவில்லை. தேடிப்போனால், மேல்கொட்டகைக்குப் பின்னால் பலாமரத்தடியில் ஈஸ்வரன் படுத்திருந்தார். பக்கத்தில் காலிச் சட்டி. அதில் வெட்டியிருந்த பேர் ஈஸ்வரன். முனீஸ்வரி கல்யாணத்துக்கு அவள் அண்ணன், இன்னொரு ஈஸ்வரன், எடுத்துக் கொடுத்த சட்டி. இந்த ஈஸ்வரன் தோட்டத்து அறையில் தனியாகத் தங்கி, மூன்று வேளையும் தானே கிண்டிய உப்புமாவைத் தின்றுகொண்டிருந்த மனுசன். அவருக்கு முனீஸ்வரியின் கருவாட்டுக் குழம்பு போய்ச் சேர்ந்திருக்கிறது. சாப்பிட்டவர் அப்படியே சாய்ந்து, பலாக்காய் விழுந்தால்கூடத் தெரியாத தூக்கம் தூங்கிவிட்டார்.

எழுப்பியதும் கடிகாரத்தைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். சட்டியைப் பார்த்தார். மூன்றுமே மொதலாளிக்குச் சொல்லக்கூடிய விஷயமில்லை.

"இன்னைக்கு மழைண்டு எழுதிக்கிறேன்" என்றார். வானத்தில் ஒரு மேகம் இல்லை. அப்புறம் தொண்டையைச் செருமினார். "இந்தச் சட்டி நாளைக்கும் வருமா?"

"வரும்ங்க," என்றாள் முனீஸ்வரி சட்டென்று. "ஆனா அது எஞ் சட்டி. ஒங்களுக்குண்டா தனியா வரணும். அதுக்கு நாங்க இன்னும் வெள்ளன எந்திரிக்கணும். நாலு மணிக்கே எந்திரிச்சுச் சமைக்கிறோம். இதுக்கு மேல எங்குட்டு எந்திரிக்கிறது?"

அப்போது அய்யம்மாள்தான் கேட்டாள். "ஏண்டி, சட்டி நம்மகூடவே ஏன் வரணும்? ஆளுக ஒரு ஜீப்புல வருவோம். சட்டி பின்னாடி பத்து மணிக்குக் கெளம்பி வரட்டும். வீட்டுல கெடக்குற ஆம்பளைக வடிச்சு, கட்டி, கொண்டாந்து ஏத்திவிடட்டும்!"

உடனே எழுந்த கைதட்டலுக்குக் காட்டெருமை அடுத்த ஜில்லாவுக்கே போய்விட்டது. கருத்தம்மாதான் எல்லோருக்கும் முந்திக் கை தட்டினாள்.

மெத்தை சீட்டு இருக்கிறதால் ஆட்கள் மகாராஜன் ஜீப்பில், சட்டிகள் சுருளிவேல் ஜீப்பில் என்று அங்கேயே முடிவாகிவிட்டது. ஒரு ஜீப்பு போதாதா, எதற்கு இரண்டு என்று தோட்டத்து மொதலாளி கேட்டதற்கு ஈஸ்வரன் "சப்ளை செயின் சார்" என்றாராம். புரியாத வார்த்தையைக் கேட்டு அவரும் தலையாட்டிவிட்டாராம். சிவரஞ்சனி இப்போது ஒவ்வொரு சட்டிக்கும் ஒவ்வொரு கலரில் துணி கட்டிவிடுகிறாள். வெட்டியிருக்கிற பேரை அவள் படிப்பதே இல்லை.

சிலமலையில் காலை ஒன்பதரைக்குப் போய்ப் பாருங்கள். மீசை வைத்த ஆம்பளைகள் வரிசையில் நிற்பார்கள். "அண்ணே, எங்கூட்டுல ரசம் பொங்கிருச்சு, ரெண்டு நிமிசம்" என்று கெஞ்சுவார்கள். சுருளிவேல் கெத்தாகக் கடிகாரம் பார்ப்பார்.

லைன் போகவில்லை, ஜீப்பும் கோழிக்கூடாகவில்லை. ஒரே ஒரு குறை. பின்னால் திட்டுவதற்கு ஆளில்லை. முதல் இரண்டு நாள் அவர் வாயே திறக்கவில்லை. மெட்டு டீக்கடையில் பால் பொங்கவில்லை.

மூன்றாம் நாள் ஒரு கொண்டை ஊசி வளைவில் நான் லாரியை ஒதுக்கி வழி விட்டேன். தூரத்திலேயே சத்தம் கேட்டது. பெண்கள் உட்காரும் சீட்டில் சட்டிகள் வரிசையாக, அந்தந்தப் பெண் உட்காருகிற இடத்திலேயே உட்கார்ந்திருந்தன. வளைவில் ஜீப்பு சாய, பச்சைத் துணியும் சிவப்புத் துணியும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன.

சுருளிவேல் திரும்பிப் பார்க்காமலே கத்தினார். "ஏ அய்யம்மா, தள்ளி ஒக்காரு! கருத்தம்மா மேல சாயாத. இப்பத்தான் ரெண்டு பேரும் பேச ஆரம்பிச்சிருக்கீக!"