மாமா அடித்த கோல்

எங்கள் ஊரில் பஞ்சாயத்துத் தலைவர் யார் என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள். பத்து வருஷத்துக்கு முன்னால் நடந்த மேட்சில் யார் எந்தக் காலால் கோல் அடித்தார் என்று கேட்டால் யோசிக்கவே மாட்டார்கள். மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்வார்கள், மூவருமே கோல் போஸ்ட்டுக்குப் பின்னால் நின்று பார்த்ததாகச் சத்தியமும் செய்வார்கள். மண்டைக்காட்டுக்கு மேற்கே கடலோரத்தில் இருக்கிற ஊர் அது. ஆண்களில் பாதிப்பேர் ஆழ்கடலில், மீதியில் பாதி வளைகுடாவில். ஆனாலும் சாயங்காலம் கோயில் மைதானத்தில் பந்து உருளாத நாள் கிடையாது. கோயில் என்றால் எங்களுக்கு மாதா கோயில்தான்.

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருஷம் ஊர் கிளப்புக்கு வெள்ளி விழா வந்தது. மெல்லிசை வைக்கலாமா, பட்டிமன்றம் வைக்கலாமா என்று பேசிப் பேசி, கடைசியில் வேறொரு முடிவுக்கு வந்தார்கள். கிளப்பின் வெளிச்சுவரில், இதுவரை ஆடியவர்களில் ஊருக்கு ரொம்பப் பிடித்த பதினொரு பேரின் படத்தை வரைந்து வைப்பது. அந்தப் பதினொரு பேர் யார் என்பதை ஊரே ஓட்டுப் போட்டுச் சொல்லும். முடிவெடுத்தவர்கள் நிம்மதியாக வீட்டுக்குப் போனார்கள். மறுநாளிலிருந்து ஊரில் ஒருத்தருக்கும் நிம்மதி இல்லை.

லெப்ட் விங்குக்கு அண்ணன் தம்பி இரண்டு பேருடைய பெயரும் அடிபட்டதில் அவர்களைப் பெற்றவள் ஒருநாள் முழுக்கச் சாப்பிடவில்லை. ஒரு சீசன்கூட ஒழுங்காக ஆடாத ஒருவர், பந்துக்குக் காற்றடிக்கிற பம்பு தன்னுடையது என்ற ஒரே தகுதியில் வீடுவீடாக ஓட்டுக் கேட்டார். கிளப்புக்குச் செயலாளர் என் மாமா, அம்மாவின் அண்ணன். அந்தக் காலத்தில் அவர்தான் சென்டர் பார்வர்டு. அவருடைய இடத்துக்குப் போட்டியே இல்லை. சிக்கல் கோலி, அதாவது கோல்கீப்பர் இடத்தில்தான் வந்தது.

கோலி இடத்துக்கு இரண்டு பேர். ஒருவர் பஸ் நிறுத்தத்தில் டீக்கடை வைத்திருந்தவர். எதிராளியின் பூட்ஸ் பட்டு முன்பல் இரண்டைப் பறிகொடுத்தவர். உலகக் கோப்பை சமயத்தில் கடை டிவியை வெளியே திருப்பி வைத்து ஊருக்கே காட்டுகிற தாராள மனசுக்காரர். இன்னொருவர் என் அப்பா.

அப்பா எங்கள் ஊரில் பிறந்தவர் இல்லை. கிழக்கே இரண்டு ஊர் தள்ளிப் பிறந்தவர். அந்த ஊருக்கும் எங்கள் ஊருக்கும் பந்து விஷயத்தில் ஏழாம் பொருத்தம். ஒரு கோப்பையின் இறுதி ஆட்டம், எங்கள் மைதானத்தில், பெனால்டி வரைக்கும் போயிருக்கிறது. கடைசிப் பெனால்டியை மாமா அடித்திருக்கிறார். எதிர் அணியின் கோலியாக நின்ற அப்பா இடப்பக்கம் பாய்ந்து சாடிப் பந்தைக் கட்டிப் பிடித்துவிட்டார். ஊரே வாயடைத்து நிற்க, கை தட்டியது ஒரே ஒரு ஆள். அது என் அம்மா. கொசு அடித்ததாக அவள் இன்றைக்கும் சாதிப்பாள். மத்தியானம் மூன்று மணிக்கு என்ன கொசுவோ! இந்தக் கொசு சமாச்சாரம் எனக்குத் தெரியவந்தது நான் கல்லூரிக்குப் போன பிறகுதான். எப்படியோ, அடுத்த வருஷம் அவர்களுக்குக் கல்யாணம். பேசி முடித்தது மாமா.

கல்யாணத்துக்குப் பிறகு அப்பா எங்கள் ஊரிலேயே வீடு கட்டிக்கொண்டு, ஆறு வருஷம் எங்கள் கிளப்புக்குக் கோலியாக நின்றார். ஆனாலும் ஊரில் அவருக்குப் பெயர் வரத்தன், அதாவது வந்து குடியேறினவன். யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. தண்ணீர்க் குழாய்க்கு ஆள் சேர்க்கும்போது, திருவிழாவுக்குக் கொடி தூக்கும்போது, பேச்சுவாக்கில் வந்துவிழும், அவ்வளவுதான். அப்பா சிரித்துக்கொள்வார்.

எனக்குச் சிரிக்க வரவில்லை. டீக்கடைக்காரரின் மகள் என் வகுப்பு. ஒருநாள் மதியச் சாப்பாட்டு மணியின்போது எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள், "சுவர்ல எங்க அப்பா படந்தான் வரும். ஒங்க அப்பா வரத்தன்லா?" அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் பையை எறிந்துவிட்டு அழுதேன். அப்பாவின் படம் அந்தச் சுவரில் ஏறியே ஆக வேண்டும். ஏறினால் பிறகு எவரும் அந்தச் சொல்லைச் சொல்ல முடியாது. அந்த வயதில் எனக்கு வேறு எந்த ஆசையும் இருந்ததாக ஞாபகம் இல்லை.

மாமா ஒரு வார்த்தை சொன்னால் போதும், காரியம் நடந்துவிடும் என்று நம்பியிருந்தேன். கூட்டத்தில் மாமா எழுந்து, "நான் நடுவுல நிக்கப்பட்ட ஆளு. எனக்கு மச்சானும் ஒண்ணுதான், டீக்கடையும் ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார். அன்றோடு மாமாவிடம் பேச்சை நிறுத்தினேன். அவர் கொண்டுவந்து கொடுத்த பழம்பொரியைக்கூடத் தொடவில்லை. அவர் போன பிறகுதான் தின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கரையில் இருப்பவர்கள் ஓட்டுப் போட்டார்கள். ஓட்டுப்பெட்டிக்கு எங்கே போவது? அந்தோணியாருக்கு விண்ணப்பம் எழுதிப் போடுகிற பெட்டியையே எடுத்து வைத்தார்கள். ஏற்கெனவே உள்ளே கிடந்த விண்ணப்பங்களை எடுக்க மறந்துவிட்டதால், எண்ணும்போது ரைட் பேக் இடத்துக்கு "என் மகனுக்கு விசா கிடைக்க வேண்டும்" என்று ஒரு ஓட்டு வந்தது. அதைச் செல்லாத ஓட்டு என்று அறிவிக்க யாருக்கும் தைரியம் வரவில்லை. பங்குச் சாமியாரிடம் கொடுத்துவிட்டார்கள். பத்து இடங்கள் ஒருவழியாக முடிவாயின. கோலி இடத்தில் டீக்கடைக்காரர் கொஞ்சம் முன்னால் இருந்தார். கடலில் இருப்பவர்களின் ஓட்டையும் சனிக்கிழமை வயர்லெஸ்ஸில் கேட்டுச் சேர்த்தபிறகே முடிவு என்று மாமா அறிவித்தார். அப்பாவும் அப்போது கடலில்தான் இருந்தார்.

இடையில் புதன்கிழமை பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்கு மாமா பைக்கோடு வாசலில் நின்றார். சுவருக்குப் பெயிண்ட் வாங்கத் தக்கலைக்குப் போகிறாராம், வருகிறாயா என்றார். கோபத்துக்கும் பைக்குக்கும் சம்பந்தமில்லை என்று முடிவு செய்து ஏறிக்கொண்டேன். பைக் தக்கலைக்குப் போகவில்லை. கடற்கரைச் சாலையில் கிழக்கே திரும்பி, அப்பா பிறந்த ஊரில், பெரியப்பா வீட்டு வாசலில் போய் நின்றது.

பெரியப்பா அப்பாவின் சொந்த அண்ணன். தம்பி இத்தனை பெரிய கோலியாக இருந்தும், பந்து விளையாட்டு என்றாலே கொட்டாவி விடுகிற மனிதர். அந்த ஊரில் அப்படி ஒருத்தர் இருந்தது ஓர் அதிசயம். மாமா என் பையிலிருந்து நோட்டை உருவி, "ஒரு தாள் கிழிச்சுக்கிடுகேன் மக்கா" என்று கேட்டுக்கொண்டே கிழித்தார். சமூக அறிவியல் நோட்டின் நடுத்தாள். எனக்கு எரிச்சலாக வந்தது. அதற்குள் பெரியம்மா அடுக்களையிலிருந்து கூப்பிட்டு முந்திரிக்கொத்து டப்பாவைத் திறந்துவிட்டதால் நோட்டு மறந்துபோயிற்று. முற்றத்தில் மாமா எதையோ எழுதுவதும் பெரியப்பா எழுத்துக்கூட்டி வாசிப்பதும் கேட்டது. இடையில் பெரியப்பா, "சாடினது பந்தா, இவனா?" என்று கேட்க, மாமா தலையில் அடித்துக்கொண்டது அடுக்களை ஜன்னல் வழியாகத் தெரிந்தது. நான் டப்பாவில் மிச்சம் எத்தனை இருக்கிறது என்ற கவலையில் இருந்தேன்.

திரும்பி வந்ததும் பெயிண்ட் எங்கே என்று அம்மா கேட்டாள். கடை அடைப்பு என்றார் மாமா. வாய் நிறைய முந்திரிக்கொத்து இருந்ததால் நான் பேசாமல் இருந்தேன்.

சனிக்கிழமை நாலு மணிக்குக் கோயிலின் பின்னறையில் ஊரே கூடியது. புயல் சமயத்தில் படகுகளைக் கூப்பிடுவதற்காகக் கரையோர ஊர்தோறும் ஒன்று வைத்திருந்த வயர்லெஸ் செட் எங்கள் ஊரில் அங்கேதான் இருந்தது. மாமா தாளும் பேனாவுமாக உட்கார்ந்தார். பக்கத்து நாற்காலியில் டீக்கடைக்காரர். நான் மேசைக்கு அடியில் இடம் பிடித்தேன்.

ரகசிய ஓட்டு என்பதெல்லாம் கரையோடு சரி. வயர்லெஸ்ஸில் ஒருத்தன் பேசுவது கடலில் உள்ள எல்லாப் படகுக்கும் கேட்கும். டீக்கடைக்காரர் செட்டுக்கு முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறார் என்பதும் எல்லோருக்கும் தெரியும். எவன் வேறு பெயரைச் சொல்வான்? கரைக்கு வந்தால் டீ குடிக்க வேண்டாமா? "டீக்கட அண்ணன். ஓவர்." "நமக்க அண்ணன்தான். ஓவர்." படகு படகாக இதே பதில். மாமா ஒவ்வொன்றாகக் கோடு போட்டுக்கொண்டே வந்தார்.

திடீரென்று செட்டில் ஒரு புதுக் குரல் நுழைந்தது.

"நாங்க கெழக்க இருந்து பேசுகோம். ஒங்க பட்டியல்ல எங்க ஊர்க்காரன் பேரு எப்பிடி வந்தது? ஒங்க சென்டர் பார்வர்டு அடிச்ச பெனால்டிய இடப்பக்கம் சாடிப் பிடிச்சவன் எங்க ஆளு. ஒங்களுக்கு வேண்டாம்னா எங்களுக்கு வேணும். எங்க சுவர்ல நாங்க வரஞ்சுக்கிடுகோம். அவன எங்களுக்குத் திருப்பித் தந்துரணும். ஓவர்."

வயர்லெஸ்ஸில் எல்லார் குரலும் ஜலதோஷம் பிடித்த மாதிரிதான் இருக்கும். ஆனாலும் அது பெரியப்பா என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பெரியப்பா தம்பியைத் திருப்பிக் கேட்கிறார், அப்பாவை நிஜமாகவே கொண்டுபோய்விடப் போகிறார்கள் என்று நான் நினைத்தேன். அவர் வீட்டில் ஏழு முந்திரிக்கொத்து தின்றதுதான் காரணமோ என்றும் தோன்றியது. மேசைக்கு அடியிலிருந்து ஓவென்று அழுதேன்.

டீக்கடைக்காரர் குனிந்து என்னைப் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகம் மாறியிருந்தது. மாமாவின் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினார்.

"யாருலே அது? திருப்பித் தரணுமா? அவன் என்ன நாங்க இரவல் வாங்கின சட்டியாலே? ஆறு வருஷம் எங்க போஸ்ட்டுக்கு நடுவுல நின்னவன். அவனுக்க பொண்டாட்டி இந்த ஊரு, அவனுக்க பிள்ள இந்த ஊரு. இஞ்ச கெடந்து அழுகது கேக்குதா? அவன் எங்க ஊரு கோலி. எனக்க ஓட்டும் அவனுக்குத்தான். எழுதும் ஓய்! ஓவர்!"

அதற்குப் பிறகு செட்டில் ஒரே கூச்சல். இதுவரை ஓட்டுச் சொன்ன படகுகளெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து, ஓட்டை மாற்றி எழுதச் சொல்லிக் கத்தின. கிழக்கூர்க்காரனுக்கு இத்தனை கொழுப்பா என்று ஒருவர் கடலிலிருந்தே சவால் விட்டார். மாமா மட்டும் பேனாவை மூடிவைத்து, "ஒரு தடவ சொன்ன ஓட்ட மாத்தப்பிடாது. சட்டம்னு ஒண்ணு உண்டும்லா" என்றார். ஊரே அவர்மேல் பாய்ந்தது. "வாய மூடிக்கிட்டு எழுதும் ஓய்" என்றார் டீக்கடைக்காரர். மாமா வேண்டாவெறுப்பாகப் பேனாவைத் திறந்தார். கடைசி நேரத்திலும் குறுக்கே விழுகிறாரே என்று எனக்கு அவரைக் கடிக்க வேண்டும்போல் இருந்தது.

அப்பாவின் படகு ரொம்பத் தூரத்தில் இருந்தது. கரையில் பேசுவது அவருக்குக் கேட்கும், அவர் பேசுவது கரைக்கு எட்டாது. இடையில் நின்ற படகுக்காரர்தான் கேட்டுச் சொன்னார். "நீ எந்த ஊருன்னு கேட்டேன். வல இழுத்துக்கிட்டு நிக்கானாம், பொறவு சொல்லுகானாம்." கொஞ்சம் இடைவெளி விட்டு, "சிரிக்கான். ஓவர்" என்றார்.

திங்கட்கிழமை டீக்கடைக்காரரின் மகள் வகுப்பில் என்னிடம் வந்து, "எங்க அப்பா சொல்லித்தான் ஒங்க அப்பாவுக்குக் கிட்டிச்சு" என்றாள். அது உண்மைதான் என்பதால் அவளுக்கு என் பென்சிலைக் கொடுத்தேன். அன்றைக்கு அவள் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. அதற்குப் பிறகும் சொல்லவில்லை.

அப்பா கரைக்கு வந்தபோது சுவர் தயாராக இருந்தது. வரைந்தவர் கோயில்களில் புனிதர்களை மட்டுமே வரைந்து பழகினவர் என்பதால், பதினொரு பேரும் யூதாஸ் போனபின் மிஞ்சிய அப்போஸ்தலர்களைப் போல உருக்கமாக வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பா மட்டும் பந்தைக் கட்டிப் பிடித்திருந்தார். நான் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். என் வாழ்க்கையில் அத்தனை பெருமையாக நான் நடந்த நாள் வேறில்லை. மாமா அங்கே கைகட்டி நின்றிருந்தார்.

அப்பா ரொம்ப நேரம் படத்தையே பார்த்தார். கண்ணைத் துடைத்த மாதிரியும் இருந்தது, உப்புக் காற்றாகவும் இருக்கலாம். பிறகு திரும்பாமலே பேசினார்.

"எங்க அண்ணனுக்குப் பந்து உருண்டையா சதுரமான்னு தெரியாது. இடப்பக்கம், பெனால்டி, இதெல்லாம் அவருக்கு எழுதிக் குடுத்தது யாரு மச்சான்?"

மாமா கடலில் ஏதோ புதிதாகத் தெரிகிற மாதிரி அந்தப் பக்கம் பார்த்தார்.

"நல்ல அடி" என்றார் அப்பா. "இந்தத் தடவ பிடிக்க முடியல்ல. கோலுதான் மச்சான்."

எனக்குப் பொறுக்கவில்லை. ஊருக்கே தெரிந்த விஷயத்தை இவர் இப்படி விட்டுக்கொடுத்தால் எப்படி? "அது கோலு இல்லப்பா! நீங்க பிடிச்சிட்டீங்கல்லா! சுவர்லயே வரஞ்சிருக்கு, பாருங்க!" என்று காலை உதைத்துக்கொண்டு கத்தினேன்.

இரண்டு பேரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, உட்கார இடம் தேடுகிற அளவுக்குச் சிரித்தார்கள். பின்னால் யாரோ கை தட்டுகிற சத்தம் கேட்டது. திரும்பினேன். மீன் கூடையைக் கீழே வைத்துவிட்டு அம்மா நின்றிருந்தாள்.

"கொசு" என்றாள் அம்மா.

உச்சி வெயிலில் ஏது கொசு என்று நான் சுற்றுமுற்றும் தேடிப் பார்த்தேன். ஒன்றுகூடத் தென்படவில்லை.