ஆடிப்போன நாரைகளும் அழிச்ச மதகும்

ஸ்டூடியோ தொழில்ல பாதி வேலை, படத்துல இருக்கறதை எடுக்கறதும் இல்லாததைச் சேர்க்கறதும்தான். கடை போட்டிருக்கிற பங்காளிகளுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை, பட்டிருப்பீங்க.

ஒட்டின மனுசன்

புதுச்சத்திரத்துல நான் கடை வெச்ச புதுசுல பிலிம் ரோல்தான். படம் ஆடியிருந்தா ஆடினதுதான். ஜனங்களும் அதையே கண்ணாடி போட்டு மாட்டிக்குவாங்க. அந்தக் காலத்தை நினைச்சா இப்பவும் ஏக்கமாத்தான் இருக்குது.

இப்ப எல்லாத்தையும் திருத்தணும். எங்க பக்கம் போர் போடற ரிக் வண்டியில வடக்கே வேலைக்குப் போன ஆம்பளைங்க காதுகுத்துக்குக்கூட வர்றதில்ல. குடும்பப் படத்துல அவங்களை ஒட்டிக் குடுக்கிறது என் வேலை. பூங்கொடியம்மாவோட ஊட்டுக்காரர் முருகேசனையும் ஒவ்வொரு விசேசத்துக்கும் ஒட்டியிருக்கேன். கடைசியா ஒட்டின படத்தைப் பார்த்துட்டு அந்தம்மா சொன்னது: "எங்களுக்கெல்லாம் தலை நரைக்குது, இவரு மட்டும் அதே நீலச் சட்டையில அப்படியே நிக்கறாருங்ணா."

வெள்ளைக் கோடு

போன மழைக்கு அந்தம்மா போனோட வந்துச்சு. ஏரிக்குக் கீழ அவங்களுக்கு வெள்ளாமைக் காடு ஒண்ணு. தண்ணியில்லாத காட்டை வித்துருன்னு முருகேசன் ஒரே பிடியா நிக்கறார். வாங்கற ஆளும் வந்தாச்சு. ஏரி ரொம்பிருச்சுன்னு சொன்னா, விக்காம இருக்கப் பொய் சொல்றேன்னு நம்ப மாட்டேங்கறாராம்.

ரொம்பின ஏரியில நாரை எறங்கினதைக் காட்டினா நம்புவார்னு அந்தம்மா ஓடிப்போய்ப் படம் எடுத்திருக்குது. ஓடின ஓட்டத்துல நாரையெல்லாம் வெள்ளைக் கோடா இழுபட்டுக் கிடக்குது. மறுபடி எடுங்கன்னேன். "போனைத் தூக்கினாலே பறந்துருதுங்ணா. இப்படியே அனுப்பினா வெள்ளை ஜவ்வரிசிச் சாக்கு பறக்குதுன்னு சிரிப்பாருங்க, நீங்கதான் நாரையாக்கிக் குடுக்கணும்."

லட்சணம்

ஆட்டத்தைக் குறைச்சா இறக்கை தெரிஞ்சுது, கால் காணாமப் போச்சு. கால் வரைஞ்சா பண்ணைக் கோழியாட்டம் ஆயிருச்சு. கல்யாண ஆல்பத்துக்கு வெச்சிருக்கிற அன்னப்பறவை கம்ப்யூட்டர்ல தயாரா இருந்துச்சு, போட மனசு வரலை. ஒவ்வொரு நாரையா உட்கார்ந்து தீட்டினேன்.

படத்தோட ஓரத்துல இடிஞ்ச மதகும் முள்ளுச்செடியும் இருந்துச்சு. கல்யாணப் படத்துல கரண்டுக் கம்பியை அழிச்சு அழிச்சே நம்ம ஜனங்களுக்கு ஓரம் சுத்தமா இருந்தாத்தான் படம்னு ஆயிப்போச்சு. பூங்கொடியம்மாவும் பின்னாடி நின்னு சொன்னது: "அந்த மதகையும் எடுத்துருங்ணா, பார்க்க லட்சணமா இருக்கட்டும்." மதகையும் முள்ளையும் அழிச்சுட்டேன்.

வடக்கேயிருந்து வந்த பதில்

திருத்தின படத்தை அந்தம்மா கடையிலிருந்தே அனுப்பிருச்சு. உடனே போன் வந்துச்சு. ஸ்பீக்கர்ல முருகேசன் சிரிக்கறார். "காலண்டர்ல பார்த்ததை அனுப்பி என்னை ஏமாத்தறியா? நாளைக்கே கிரயம் பேசிரு."

அந்தம்மா கண்ணு கலங்கிருச்சு. ரோசத்துல, தான் எடுத்த ஆடின படத்தை அப்படியே அனுப்பிவிட்டுருச்சு. அதைப் பார்த்ததும் முருகேசன் குரல் எறங்கி வந்துச்சு: "ஏம்புள்ள, நாம உட்கார்ற மதகுக் கல்லு வரைக்கும் தண்ணி ஏறிருச்சா? காடு வாங்க வந்த ஆளை வேண்டாம்னு சொல்லிரு, நான் வாரேன்."

பங்காளிகளே, அழிக்கச் சொன்னா தாராளமா அழிங்க, ஆனா அசல் படத்தை மட்டும் அவங்க போன்லயே இருக்க விட்டுருங்க.