ஸ்டெல்லா ஆன்ட்டி போகாத பயணம்

செவ்வாய்க்கிழமை முதல் பீரியடில் ஒலிபெருக்கியில் முதல்வரின் குரல் வந்தது. நம் துணை முதல்வர் முனைவர் ஸ்டெல்லா முந்தைய நாள் மாலை மாரடைப்பால் இறந்துவிட்டார் என்றார். "உங்க சர்ச் ஆன்ட்டிதானே?" என்று பக்கத்திலிருந்த தோழி கேட்டாள். தலையசைத்தேன். சொல்ல இன்னும் இருந்தது, சொல்லவில்லை. அதை அவரை அறிந்த உங்களிடம் சொல்லிவிட நினைக்கிறேன்.

இங்கே அமெரிக்காவில், எடிசனில் தமிழ்த் திருப்பலிக்கு வரும் நமக்கெல்லாம் அவர் ஸ்டெல்லா ஆன்ட்டி. பள்ளியிலோ, "இங்க நான் ஆன்ட்டி இல்ல. அதை வாசல்லயே விட்டுட்டு வா" என்பார். அதில் கறாராக இருந்தார்.

சென்ற குளிர்காலத்தில் சீனாவிலிருந்து லின் என்ற தலைமையாசிரியை இரண்டு வாரம் வந்திருந்தார். நாள் முழுதும் லின் ஸ்டெல்லா ஆன்ட்டியின் கூடவே நடந்து, அவர் வேலை செய்வதைப் பார்த்துக் குறிப்பெடுப்பார். வசந்தகாலத்தில் ஆன்ட்டி சீனா சென்று லின்னின் பள்ளியில் அதையே செய்வதாக ஏற்பாடு. நான் விருந்தினருக்கு வழிகாட்டும் மாணவி.

ஒருநாள் உணவுக்கூடத்தில் யாரோ கொட்டிய பாலை ஆன்ட்டி குனிந்து துடைத்தார். தங்கள் பள்ளியில் மாணவர்களே துடைப்பார்கள் என்றார் லின், திகைப்போடு. ஆன்ட்டி என் பக்கம் திரும்பி, "இங்க துடைக்கச் சொன்னா நாளைக்கே பேரன்ட்ஸ் லாயரோட வருவாங்க" என்று தமிழில் முணுமுணுத்தார். பிறகு லின்னிடம், "உங்கள் பிள்ளைகள் துடைப்பதை நான் வந்து பார்க்க வேண்டும்" என்றார். அந்தப் பயணத்துக்காக ஒரு சிறு நோட்டில் கேள்விகளை எழுதி வைத்துக்கொண்டே இருந்தார்.

ஆன்ட்டி மாணவர் யாரையாவது தன் அறைக்கு அழைத்தால், "இவங்க கூட இருக்கலாமா?" என்று முதலில் கேட்பார். வேண்டாம் என்றால் லின் வெளியே போய்விடுவார். இரண்டாவது வாரம் ஆன்ட்டி என்னை அழைத்தார். வேதியியலில் நான் தோற்றிருந்தேன். வீட்டில் சொல்லாமல் மறைத்தும் இருந்தேன். லின் மூலையில் உட்கார்ந்திருந்தார். லின் இருக்கலாமா என்று ஆன்ட்டி என்னிடம் மட்டும் கேட்கவில்லை. "அம்மாகிட்ட ஏன்மா சொல்லல?" என்று நேராக ஆரம்பித்துவிட்டார். நான் அழுதேன். லின் எழுதுவதை நிறுத்திவிட்டுத் தரையைப் பார்த்தார்.

வீட்டில் நடந்ததைச் சொன்னபோது, அம்மாவுக்கு என் மதிப்பெண்ணைவிட லின் உட்கார்ந்திருந்த அந்த மூலைதான் பெரிதாகத் தெரிந்தது. "யாரோ ஒருத்தங்க முன்னாடி வெச்சா என் பொண்ணை விசாரிக்கிறது? அடுத்தவங்க பொண்ணுன்னா இப்படிப் பண்ணுவாங்களா?" என்று மாவட்டக் கல்வி அலுவலகத்துக்குப் புகார் எழுதினார். அனுப்பும் முன் என்னிடம் காட்டினார். நான் இரண்டு வாக்கியங்களைத் திருத்தி, இன்னும் தெளிவாக்கிக் கொடுத்தேன்.

அந்தப் புகாரால் ஸ்டெல்லா ஆன்ட்டியின் சீனப் பயணம் ரத்தானது. அவர் என்னை நடைபாதையில் நிறுத்தி, "எல்லார்கிட்டயும் கேட்டேன். நீ நம்ம பொண்ணுதானேன்னு நினைச்சுட்டேன். அது என் தப்பு, சாரிம்மா" என்றார். பரவாயில்லை என்று நான் சொல்லவில்லை. நோகத்தான் செய்திருந்தது. ஆனால் பயணத்தை நிறுத்தும் அளவுக்கு அல்ல. அதையும் நான் யாரிடமும் சொல்லவில்லை.

இறப்பதற்கு முந்தைய நாள், ஞாயிறு திருப்பலி முடிந்து கார் நிறுத்துமிடத்தில் என் அருகே வந்தார்.

"ரெண்டு நிமிஷம் பேசலாமா?"

"அப்புறம், ஆன்ட்டி."

"சரிம்மா. உனக்கு எப்போ தோணுதோ அப்போ."

என்ன பேச வந்தார் என்று இனி தெரியாது. இன்னொரு முறை கேட்டிருந்தால் சரி என்றிருப்பேன். அவர் கேட்பார் என்று கார்க் கதவைத் திறந்து பிடித்தபடி நின்றேன். அவர் என் பதிலை மதித்து, திரும்பிப் பார்க்காமல் நடந்து போனார். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்த மரியாதைதான். அதை எப்படித் தாங்குவது என்று தெரியவில்லை.