சேர்ந்து வாசிக்கும் வகுப்பு

ஒரு குழந்தை தன் கெட்டிக்காரத்தனத்தாலேயே மூடி வைத்திருக்கும் சிரமத்தை, கணக்கெடுக்க வந்தவள் கண்டுகொண்டால், அதை யாரிடம் சொல்ல வேண்டும்? சொன்னால் அந்தக் குழந்தைக்கு என்ன ஆகும், சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்க்க ஒரு மதிய உணவு இடைவேளை போதுமா? ஆண்டிமடத்தை அடுத்த ஒரு சிறிய தொடக்கப் பள்ளியின் பூவரச மரத்தடியில் இந்தக் கேள்வி என் முன்னே வந்து நின்றது.

சிறப்புக் கல்வியில் முதுகலை முடித்த கையோடு, பள்ளிக் குழந்தைகளின் கற்றல் குறைபாடுகளைப் பற்றிய ஓர் ஆய்வில் களப்பணிக்குச் சேர்ந்திருந்தேன். பெரம்பலூரில் காலை பஸ் ஏறினால், சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து அரியலூர் போய், அங்கிருந்து ஜெயங்கொண்டம் வழியாக ஆண்டிமடம் சேர்வதற்குள் முதல் மணி அடித்திருக்கும். எங்களுடைய கருவி மிக எளிமையானது. தமிழ் எழுத்துகளில் எழுதிய, ஆனால் எந்தப் பொருளும் இல்லாத சொற்கள், அட்டைக்கு ஒன்றாக. தெரிந்த சொல்லைக் குழந்தை நினைவிலிருந்தும் சொல்லிவிடும். தெரியாத சொல்லை எழுத்தெழுத்தாகக் கூட்டினால்தான் வாசிக்க முடியும். அந்தக் கூட்டுதலில் ஒரு குழந்தை எங்கே தடுக்கி விழுகிறது என்பதுதான் நாங்கள் பார்க்க விரும்பியது.

குழந்தைகளிடம் என்ன கேட்கப் போகிறோம் என்பதைப் பள்ளிக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்பது விதி. அதன்படி அனுமதிக் கடிதத்தோடு சொற்களின் நகலையும் தலைமை ஆசிரியையிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். அடுத்த முறை போனபோது ஐந்தாம் வகுப்பு முழுவதும் எனக்காக எழுந்து நின்றது. இரட்டைச் சடை போட்ட ஒரு பெண் முன்னால் வந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, "மடுசி" என்றாள்.

"மடுசி" என்றது வகுப்பு.

"தோணுபம்."

"தோணுபம்."

"கிலவரை."

"கிலவரை."

கடைசிச் சொல் வரைக்கும் ஒரு குரல்கூடப் பிசகவில்லை. தலைமை ஆசிரியையின் முகத்தில் அப்படி ஒரு நிறைவு.

"ஒரு வாரமா ஓட்டிக்கிட்டு இருக்கேன். ஒருத்தனும் தப்பு பண்ண மாட்டான், நீங்க யார வேணாலும் கேளுங்க. அர்த்தந்தான் அகராதியில அம்புடல."

"அதுக்கு அர்த்தமே கிடையாதுங்க டீச்சர். நாங்களா உண்டாக்குனது."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அர்த்தமில்லாததப் படிக்க வக்கிறதுக்கா பெரம்பலூர்லேருந்து வரீங்க? நான் வேற, கிலவரைன்னா அது ஒரு மீனுன்னு சொல்லி வச்சுட்டேனே."

"ஆத்து மீனா, கடல் மீனா டீச்சர்?" என்றான் பின்வரிசையில் ஒருவன்.

"ஒக்காருடா. ஒன்னய எந்த மீனுன்னு கேட்டாங்களா?"

எனக்குக் கோபம் வரவில்லை. அந்தப் பக்கத்துப் பள்ளிகளில் பையும் காகிதமுமாக யார் வந்தாலும் அது இன்ஸ்பெக்‌ஷன்தான். வந்தவர் முன்னால் பிள்ளைகள் திணறாமல் இருக்கும்படி தயார் செய்வது அவர்களுடைய வேலை, ஒரு வகையில் விருந்தோம்பலும்கூட. அன்றைய தரவு ஆய்வுக்கு உதவாது என்பது புரிந்துவிட்டது. இருந்தாலும் வந்தது வந்தோம் என்று மரத்தடியில் நாற்காலி போட்டு, அட்டைகளைக் கலைத்து அடுக்கி, பிள்ளைகளை ஒவ்வொருவராக அழைத்தேன். வரிசை மாறியதும் பலர் குழம்பினார்கள். பிறகு எழுத்தைப் பார்த்து மெல்லக் கூட்டி வாசித்தார்கள். சிலருக்குக் கூட்டுவதில் சிறு தடுமாற்றம். எல்லாம் நான் எதிர்பார்த்ததுதான்.

வகுப்பை நடத்திக் காட்டிய அந்தப் பெண் கடைசியாக வந்தாள். மேலே இருந்த அட்டையில் "கிலவரை" என்று இருந்தது. அவள் "மடுசி" என்றாள். அடுத்த அட்டைக்குத் "தோணுபம்" என்றாள். டீச்சர் ஓட்டிய அதே வரிசையில், ஒன்று விடாமல், இறுதிவரை சொல்லி முடித்தாள். அவளுடைய கண்கள் அட்டையில் இல்லை, என் முகத்தில் இருந்தன. நான் ஒரு வெற்று அட்டையில் புதிய சொல் ஒன்றை எழுதிக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தாள். முதல் எழுத்தை வாய்க்குள் இரண்டு விதமாகச் சொல்லிப் பார்த்தாள்.

"இது சொல்லித் தரலயே டீச்சர்" என்றாள்.

வாய்மொழித் தேர்வுகளில் முதல் மதிப்பெண் வாங்குபவள், வகுப்பு லீடர். பாடத்தை ஒருமுறை காதில் வாங்கினால் போதும், அவள் மனத்தில் அப்படியே பதிந்துவிடும். எல்லோரும் சேர்ந்து உரக்க வாசிக்கும் வகுப்பில் அவளால் வாசிக்க முடியாது என்பது யாருக்கும் தெரிய வாய்ப்பே இருந்திருக்கவில்லை.

மதிய இடைவேளையில் என் வழிகாட்டிப் பேராசிரியருக்குப் போன் செய்தேன். தனிப்பட்ட குழந்தையின் முடிவைப் பெற்றோர் கேட்டால் தெரிவிக்கலாம் என்று எங்கள் நெறிமுறையில் இருப்பதை அவர் நினைவூட்டினார். கேட்காத பெற்றோரைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. மேலும், ஒரு மரத்தடிச் சோதனையை வைத்துக் குறைபாடு என்று உறுதியாகச் சொல்லவும் முடியாது, ஐயம் என்று மட்டுமே சொல்லலாம். சொன்னால் லீடர் என்ற பெயர் போகலாம். வீட்டில் இதற்கு மேல் படிப்பு எதற்கு என்று நிறுத்தலாம். சொல்லாவிட்டால் ஜூன் மாதம் அவள் ஆண்டிமடத்துப் பெரிய பள்ளிக்குப் போவாள். கேட்க ஏதோ ஒன்று இருக்கிறது என்றே தெரியாத ஒரு தாய் எப்படிக் கேட்பாள்? சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்காமலே உட்கார்ந்திருந்தேன்.

அவளே வந்தாள். சாப்பிட்டுக் கழுவிய தட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"கண்டுபுடிச்சிட்டீங்களா?"

"எதை?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க." தட்டைப் பாவாடையில் துடைத்தாள். "எழுத்தெல்லாம் தெரியும் டீச்சர். சேத்தா குழம்பிடுது. மத்தவங்க படிக்கிறப்ப கேட்டு வச்சுப்பேன்."

"டீச்சருக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா லீடர் போயிடும்ல." தட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள். "பெரிய ஸ்கூல்ல சேந்து படிக்க மாட்டாங்களாம். ஒவ்வொருத்தரா எழுப்பி படிக்கச் சொல்வாங்களாம், பக்கத்து வூட்டு அக்கா சொல்லிச்சு. அப்ப நான் என்ன பண்றது?"

என் தயக்கம் அந்த இடத்தில் முடிந்தது. விதி பெற்றோருக்காகக் காத்திருக்கச் சொன்னது. இங்கே குழந்தையே கேட்டுவிட்டாள். உன் அம்மாவிடம் நாம் இருவரும் சேர்ந்து சொல்லலாமா என்றேன். "நீங்க சொல்லுங்க. நான் பக்கத்துல நிக்கிறேன்" என்றாள்.

பள்ளி விட்டதும் போனோம். அவளுடைய அம்மா ஒரு கொட்டகையில் மற்றப் பெண்களோடு முந்திரி உடைத்துக்கொண்டிருந்தார். கொட்டைத் தோட்டின் எண்ணெய் பட்டு விரல்கள் கறுத்திருந்தன. எங்களைக் கண்டதும் எழுந்து கொட்டகைக்குப் பின்பக்கம் அழைத்துப் போனார்.

நான் சொன்னதை முதலில் அவர் நம்பவில்லை. "படிக்கத் தெரியாதா? ராத்திரியில என் காதே கிழியிற மாதிரி படிக்குதே மேடம்."

"அது ஒப்பிக்கிறதுங்க. அவ்வளவையும் மனசுல வச்சிருக்கா. அறிவுக்கு ஒரு குறையும் இல்ல. எழுத்தச் சேத்துப் படிக்கிறதுல மட்டும் கஷ்டம்னு தோணுது."

அவர் மகளைப் பார்த்தார். "ஏண்டி, இத்தினி நாளும் ரேடியோ மாதிரி பாடிக்கிட்டா இருந்த?"

"நீதான் கேட்டுக்கிட்டே தூங்கிடுவியே."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது, அதை அடக்கிக்கொண்டார். "வைத்தியம் இருக்கா?"

"மருந்து இல்லைங்க. தனியா உக்கார வச்சு வேற விதமா சொல்லிக் குடுக்கலாம். அரியலூர் பெரியாஸ்பத்திரியில காட்டி உறுதி பண்ணிக்கிட்டா, பரீட்சையில சலுகை உண்டு."

"டீச்சர்ட்ட சொல்லிக்கங்க. ஊருக்குள்ள வாணாம். புத்தி சரியில்லன்னு கத கட்டி வுட்டுருவாளுவ." பிறகு, அதுவரை கேட்காத ஒன்றைக் கேட்டார். "ஆறாவது சேக்கலாம்ல?"

"கண்டிப்பா சேக்கணும்."

மறுநாள் தலைமை ஆசிரியையிடம் சொன்னபோது அவர் கொஞ்சம் வாடிப்போனார். தாம் மிகவும் நம்பிய பிள்ளை அவள். நான் கொடுத்திருந்த சொற்களின் நகலை மடித்து மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு, தனியாகச் சொல்லித் தருவது எப்படி என்று கேட்டார். மணலில் எழுதிப் பார்ப்பது, ஓசையைப் பிரித்துச் சேர்ப்பது, சொல்லை இரண்டு வண்ணங்களில் உடைத்து எழுதுவது எல்லாம் காட்டினேன். லீடரை மாற்றப் போகிறீர்களா என்று கேட்டதற்கு, "அவள மாத்திட்டு எவனப் போடுறது? ஒருத்தனுக்கும் தொண்டையே கெடையாது" என்றார்.

அந்தக் கோடை விடுமுறை தொடங்கும் வரை நான் வாரம் ஒருமுறை போய் வந்தேன். முந்திரிக் காடுகளில் பழ வாசனை ஏறியிருந்த நாட்கள் அவை. மரத்தடியில் அவள் ஒரு சொல்லைக் கூட்டி முடிப்பதற்குள் பக்கத்து வகுப்பு ஒரு பாடத்தையே வாசித்து முடித்துவிடும். முடித்ததும் அடுத்ததைக் காட்டுங்கள் என்பாள். எனக்கு அந்த வேலையில் மனம் நிறைந்திருந்தது.

அரியலூர் மருத்துவமனையில் சோதித்துச் சான்று கொடுத்தார்கள். இப்போது அவள் ஆண்டிமடத்தில் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். தனியாக எழுப்பினால் மெதுவாக வாசிக்கிறாள், தேர்வில் அவளுக்குக் கூடுதல் நேரம் தருகிறார்கள். எங்கள் ஆய்வில், சிரமம் இருப்பதாக ஐயம் எழும் ஒவ்வொரு குழந்தையின் வீட்டுக்கும், அவர்கள் கேட்காவிட்டாலும், நாங்கள் போய்ச் சொல்லிவிட்டு வருகிறோம்.