கடலுக்குப் போன சாவி

போன வாரம் சிறுசேரியில் மகள் வாங்கியிருக்கும் புது ஃபிளாட்டுக்குப் போயிருந்தேன். வாசற்கதவில் சாவித்துளையே இல்லை. கறுப்பாக ஒரு வில்லை மட்டும் இருந்தது. அதில் விரல் வைத்தால் திறக்குமாம். மருமகன் என் ஆள்காட்டி விரலைப் பிடித்து அதில் வைத்து வைத்து எடுத்தார். அது கீச் கீச்சென்று கத்தியதே தவிர என்னை ஏற்றுக்கொள்ளவில்லை. கட்டை விரல், நடு விரல், இடது கை என்று எல்லாம் வைத்துப் பார்த்தாயிற்று. கடைசியில் என் கையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, "அத்தை, உங்க விரல்ல ரேகையே இல்லையே" என்றார்.

எப்படி இருக்கும்? பித்தளையில் அரம் போட்டால் பித்தளை மட்டுமா தேயும், பிடித்திருக்கிற விரலும் கூடவே தேயும். செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் கடற்கரை வரை எத்தனை பீரோ, எத்தனை கதவு, எத்தனை டிரங்குப் பெட்டி இந்த விரலுக்கு வழிவிட்டிருக்கின்றன! இந்த வில்லைக்கு மட்டும் என்ன கொழுப்பு பாருங்கள். ஆனால் எனக்குக் கோபம் வரவில்லை. உண்மையைச் சொன்னால் கொஞ்சம் கர்வமாகத்தான் இருந்தது. மருமகன்தான் பாவம், ஏதோ குறை சொல்லிவிட்டோமென்று முகம் வாடி நின்றார்.

நான் பூட்டுக்காரி. கல்யாணமாகி செங்கல்பட்டுக்கு வந்தபோது பூட்டைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், பூட்டிய பிறகு ஒருதரம் இழுத்துப் பார்க்க வேண்டும் என்பதுதான். தொண்ணூறுகளின் தொடக்கம். என் வீட்டுக்காரர் பேருந்து நிலையத்துக்கு வெளியே ஒரு பெட்டிக்கடை வைத்திருந்தார். பூட்டு ரிப்பேர், சாவி, மழை வந்தால் குடை. மதியச் சோறு நான் கொண்டுபோவேன். தின்று முடித்ததும், "தோ, டீ குடிச்சிட்டு வந்துட்றேன்" என்று கிளம்புவார். அந்த 'தோ' சில நாள் வெயில் தாழ்கிறவரைக்கும் நீளும். வருகிறவர்களை எத்தனை நேரம்தான் "இப்ப வந்துருவாரு" என்று நிற்க வைப்பது? ஒருநாள் பொறுமை போய், ஒரு சைக்கிள்காரர் கொடுத்த சாவியை வைஸில் மாட்டி, பக்கத்தில் பல் வெட்டாத மொட்டைச் சாவி ஒன்றைச் சேர்த்து இறுக்கி, நானே அரத்தைக் கையில் எடுத்துவிட்டேன்.

திரும்பி வந்தவர் கடை வாசலிலேயே நின்றுவிட்டார். "இன்னா பண்ணிகினு கீற?"

"கண்ணு தெரில? சாவி போட்டுகினு கீறேன்."

சாவியைக் கழற்றி வெயிலில் பிடித்துப் பார்த்தார். பல் ஆழம் பத்தாது, இன்னும் கொஞ்சம் இழு என்று திருப்பிக் கொடுத்தார். அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த பாடம். மனுஷனுக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரியாது. என்ன கேட்டாலும், "என்னியா கேக்குற, பூட்ட கேளு" என்பார். சரி என்று பூட்டைத்தான் கேட்டேன். செத்துப்போன பூட்டுகளையெல்லாம் கத்திரிக்காய் வாங்கிய பையிலேயே போட்டு வீட்டுக்கு எடுத்துப்போய், அடுப்படியில் பழைய புடவையை விரித்து ஒவ்வொன்றாகப் பிரித்தேன். உள்ளே இருக்கிற ஸ்பிரிங் இருக்கிறதே, அது தவளைக்குப் பிறந்தது. ஒன்று எகிறிக் குதித்ததைத் தேடாத இடமில்லை. மறுநாள் சாம்பாரில் அகப்பட்டது, அதுவும் அவர் தட்டில்.

சாம்பார் என்றதும் அந்த வாசனை வருகிறது. பித்தளைப் பொடிக்கு ஒரு வாசனை உண்டு. பழைய கோயில் மணியைத் தொட்ட கையை முகர்ந்து பாருங்கள், அதுதான். எத்தனை சீயக்காய் போட்டுத் தேய்த்தாலும் போகாது. "சோத்துல இன்னா பித்தள நாத்தம் அடிக்குது?" என்று ஒருநாள் அவர் முகம் சுளித்தார். "இத்தினி வருசமா உன் கைல அதான் அடிச்சிகினு இருந்துது, நான் கேட்டனா?" என்றேன். அப்புறம் அவர் சோற்றைப் பற்றிப் பேசியதில்லை.

சினிமாவில் கொண்டை ஊசியை எடுத்து ஒரு திருகில் பூட்டைத் திறக்கிறார்களே, சுத்தப் பொய். கொண்டை ஊசி உள்ளே போனதும் வாழைத்தண்டாக வளைந்துவிடும். பூட்டுக்குள் போக வேண்டியது குடைக்கம்பி. காற்றடித்து மல்லாந்துபோன குடைகள் ஐப்பசியில் எங்கள் கடைக்கு வந்து குவியும். அவற்றில் பிழைக்காத குடையின் கம்பியை எடுத்து, சாணைக்கல்லில் தட்டையாக்கி, நுனியைக் கொஞ்சமே கொஞ்சம் வளைத்தால், பூட்டுக்குள் எந்தத் தகடு கனமாக நிற்கிறது, எது வழுக்குகிறது என்று விரலுக்கு வந்து சொல்லும். அவர் கம்பிகள் அவர் கைக்கு. என் கம்பிகளை நானே செய்துகொண்டேன். என் விரல் சின்னது, அவருடைய வளைவு எனக்குச் சரிப்படவில்லை.

சாவி தொலைந்த பீரோவுக்கு வேறு வழி. மொட்டைச் சாவியை மெழுகுவத்தி மேல் காட்டி நன்றாகக் கரி பிடிக்கவிட வேண்டும். அதை உள்ளே விட்டு, மெதுவாக ஒரு திருப்பு. வெளியே எடுத்தால் தகடு இடித்த இடத்தில் மட்டும் கரி அழிந்து பளபளவென்று தெரியும். அங்கே அரத்தால் ஓர் இழுப்பு. மறுபடி கரி, மறுபடி திருப்பு. அவசரப்பட்டு ஓர் இழுப்பு அதிகமாகப் போட்டால் சாவி குப்பைக்கு. எனக்கு எதிலும் பொறுமை கிடையாது என்று என் அம்மாவே சொல்வாள். இதில் மட்டும் எங்கிருந்தோ வந்தது.

தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. வீட்டுக்காரர் எனக்கு வாய்விட்டுச் சொன்னது அது ஒன்றுதான். பூட்டின் நாக்கு உள்ளே இழுத்த சத்தம் கேட்டதும் கையை எடுத்துவிட வேண்டும். கதவைத் திறக்கக் கூடாது. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்ள வேண்டும். திறப்பது அந்த வீட்டில் இருக்கிறவர்கள் பாடு. "உள்ள இன்னா கீதுன்னு உனுக்குத் தெரியாத வரைக்கும் உன்ன கூப்டுவாங்க" என்பார். நானும் அப்படியே இருந்தேன். ஊரில் பாதிப் பேருடைய பீரோவைத் திறந்திருக்கிறேன், யார் வீட்டில் எத்தனை பட்டுப்புடவை என்று எனக்குத் தெரியாது.

இப்போது ஓர் ஆவணி அவிட்ட நாளுக்கு வருகிறேன். அன்று அவர் கருங்குழிக்கு ஒரு ரைஸ் மில் பெட்டியைத் திறக்கப் போயிருந்தார். உச்சி வெயிலில் ஒரு பெண் பஸ்ஸிலிருந்து இறங்கி ஓட்டமாகக் கடைக்கு வந்தாள். பெயர் வைதேகி. மாமல்லபுரத்திலிருந்து வருகிறாள். அப்பா அந்தப் பக்கம் ஒரு பெருமாள் கோயில் மடப்பள்ளியில் இருக்கிறார். வருஷக்கணக்காகக் காத்திருந்து அவளுக்கு ஆசிரியை வேலைக்கு அழைப்பு வந்திருக்கிறது. மறுநாள் காலை காஞ்சிபுரத்தில் அசல் சான்றிதழ்களைக் காட்ட வேண்டும். சான்றிதழ்கள் பீரோவின் உள் லாக்கரில். பீரோ, லாக்கர் இரண்டின் சாவியும் அப்பாவின் பூணூலில்.

"அதுக்கென்ன, வாங்கித் திறக்க வேண்டியதுதானே" என்றேன்.

"அப்பா இன்னிக்குக் கார்த்தால சமுத்திரக் கரையில புதுப் பூணூல் போட்டுண்டார்" என்றாள். "பழசை அவிழ்த்து அலையில விட்டுட்டார்."

எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு முட்டியது, கடவுள் மன்னிக்கட்டும். என் வீட்டுக்காரர் வரச் சாயங்காலம் ஆகும், நான் வருகிறேன் என்றேன். "நீங்களா?" என்று என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அந்த 'நீங்களா'வில் சிரிப்பு போய்விட்டது. கம்பி, அரம், கைவைஸ், மெழுகுவத்தி எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு, பக்கத்து டீக்கடையில் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். தனியாக நான் திறக்கப் போன முதல் பீரோ அது. திருக்கழுக்குன்றம் தாண்டுகிறவரை மனதுக்குள் எல்லாத் தகடுகளையும் எண்ணிக்கொண்டே போனேன்.

வீட்டில் ஒரே ரகளை. மாமா, அதாவது வைதேகியின் அப்பா, புதுப் பூணூலை நெருடிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தார். அவள் அம்மா, மாமி, விடுவதாயில்லை. "இடுப்புல வேஷ்டி இருக்கான்னு பாத்துக்கோங்கோ, அதையும் விட்டுண்டு வந்திருக்கப் போறேள்!" வாசலில் ஒரு வெல்டிங்காரர் கேஸ் சிலிண்டரோடு தயாராக நின்றார். என்னைப் பார்த்ததும், "யம்மா, சின்னத் தீ போட்டா நொடில தெறந்துடும், நீ இன்னாத்துக்கு பேஜாரு பண்ற?" என்றார்.

"அண்ணாத்த, உள்ள கீறது காயிதம்" என்றேன். அதற்கு அப்புறம்தான் எல்லாருக்கும் உறைத்தது.

வெளிப்பூட்டு அதிகம் படுத்தவில்லை. கரி, திருப்பு, அரம் என்று போய்க்கொண்டிருந்தது. 'டக்' என்று நாக்கு இழுத்தது. கையை எடுத்து, சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். மாமி கதவைத் திறந்து, துணிமணிகளை ஒதுக்கி, லாக்கர் மட்டும் தெரிகிற மாதிரி புடவை ஒன்றைக் குறுக்கே பிடித்துக்கொண்டார். லாக்கருக்கு வந்தபோதுதான் சங்கடம். என்னிடம் இருந்த மொட்டைச் சாவி எதுவும் அந்தத் துளைக்குள் நுழையவில்லை. எல்லாம் தடிமன். செங்கல்பட்டுக்குப் போய் எடுத்துவந்து வேலையை முடிப்பதற்குள் விடிந்துவிடும். வெல்டிங்காரர் தொண்டையைச் செருமினார். வைதேகி கடிகாரத்தைப் பார்த்தாள்.

"மாமி, வூட்ல பழைய சாவி எதுனா கீதா? துருப்புடிச்சதா இருந்தாலும் பரவால்ல."

பரணிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டிச் சாவியை எடுத்துத் தந்தார். பெட்டி எப்போதோ போய்விட்டது, சாவி மட்டும் மிச்சம். அதன் பல்லை முழுக்க ராவித் தள்ளினேன். பக்கவாட்டில் தேய்த்துத் தேய்த்து மெலிசாக்கினேன். விரல் நுனி எரிந்தது. பித்தளைப் பொடி மடியெல்லாம் கொட்டியது. ஒருவழியாகச் சாவி துளைக்குள் நுழைந்தது. பிறகு கரி. கடைசித் தகடு மட்டும் முரண்டு பிடித்தது. ஓர் இழுப்பு கூடினால் அந்தச் சாவியும் போச்சு, வேறு சாவியும் இல்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு அரத்தை வைத்தேன். இழுக்கக்கூட இல்லை, தொட்டு எடுத்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். திருப்பினேன். நாக்கு உள்ளே போய்விட்டது.

முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பின்னால் காகிதங்கள் புரளும் சத்தம், மாமி பெருமாளைக் கூப்பிடும் சத்தம், மாமா மூக்கை உறிஞ்சும் சத்தம். நான் சுண்ணாம்பு உதிர்ந்த சுவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். வைதேகி வந்து என் தோளைப் பிடித்தாள்.

"அக்கா, திரும்புங்கோ."

"வேணாம்மா. நாங்க பாக்கக் கூடாது."

"நீங்க பாக்கணும்." முன்னால் வந்து நின்று தன் பட்டச் சான்றிதழை என் கண்ணுக்கு நேரே நீட்டினாள். கையெல்லாம் கரி என்று பின்னால் கட்டிக்கொண்டேன். கேட்கவில்லை, என் கையிலேயே வைத்தாள். ஓரத்தில் என் கட்டை விரல் கரியாகப் பதிந்துவிட்டது. ஐயையோ என்று பதறினேன். "இருக்கட்டும்" என்று சொல்லி அதைத் துடைக்காமலே உறையில் போட்டுக்கொண்டாள். நான் திறந்த பூட்டுக்குள் இருந்த ஒன்றை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

வேலை கிடைத்தது. படாளம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்ந்தாள். மாமி சாவிக்கொத்தைத் தன் முந்தானையில் முடிந்துகொண்டவர், மாமாவிடம் திருப்பித் தரவேயில்லை என்று கேள்வி. அதற்கப்புறம் கடைக்கு வருகிறவர்கள், "அண்ணாத்த இல்லியா?" என்று கேட்பதை விட்டுவிட்டு, "அக்கா இல்லியா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். என் வீட்டுக்காரர் அதற்கும் ஒரு டீ கூடுதலாகக் குடித்தாரே தவிர முகம் சுளிக்கவில்லை. "நான் பழக்கி வுட்ட ஆளுப்பா" என்று பெருமையடித்துக்கொண்டார், ஏதோ சொல்லிக்கொடுத்துக் கிழித்தவர் மாதிரி.

சாலையை அகலமாக்கியபோது எங்கள் பெட்டிக்கடை போயிற்று. டீக்கடை இருந்த இடத்தில் செல்போன் விற்கிறார்கள். மாமா மாமி இருந்த வீடு இப்போது வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் விடுதி. அதன் அறைகளுக்கு அட்டைதான் சாவி. அந்த இரண்டு சாவிகள் எந்த மீன் வயிற்றில் இருக்கின்றனவோ. ரேகையும் போய்விட்டது என்று இப்போது மருமகன் மூலம் தெரிந்துகொண்டேன். கடைசியாக முழுசாக ஒன்று பதிந்தது வைதேகியின் சான்றிதழில்தான் என்று வைத்துக்கொள்கிறேன். என் ரேகையைப் பார்க்க வேண்டுமென்றால் அந்த வில்லை அங்கேதான் போய்ப் பார்க்க வேண்டும்.

அன்று மகளே வந்து தன் விரலை வைத்தாள். உள்ளே நாக்கு இழுக்கும் சத்தம் கேட்டது. எந்தக் காலத்துப் பூட்டானாலும் அந்தச் சத்தம் மட்டும் மாறவில்லை. நான் என்னை அறியாமல் கையை எடுத்துக்கொண்டு, படிக்கட்டுப் பக்கத்துச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன்.

மகள் என் தோளைப் பிடித்துத் திருப்பினாள். "யம்மா, இது நம்ம வூடு. நல்லாப் பாத்துகினே உள்ள வா."